68 வயதுப் பையன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அக்கா வீட்டில் எல்லோரும் நலம். நியூஜெர்சியில் நாலு நாளாக விடாத பனி. மாப்பிள்ளை விடிவதற்கு முன்பே எழுந்து, வாசலில் கிடப்பதைத் தள்ளிவிட்டுத்தான் காரை எடுக்கிறார். என் முழங்கால் பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் போய், ஆறிப்போனதைச் சாப்பிடாதே. உன் வயிறு தாங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் பேசவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் பேசவில்லை. அம்மாவோடு பேசுகிறாய் என்பது தெரியும். போன் வந்ததும் அவள் அடுக்களைக்குள் போய்விடுகிறாள். திரும்பி வந்து, “கடையில் வேலை அதிகமாம்” என்கிறாள். தை மாதம், முகூர்த்த நாட்கள், சீர்ப் பாத்திரம் வாங்கக் கூட்டம் வரத்தான் செய்யும். அதனால் மேற்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் பனியால் விடுமுறை. பேரன் நாள் முழுக்க ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் பார்க்கிறான். கடலுக்கு அடியில் பிகினி பாட்டம் என்று ஓர் ஊர், அங்கே மீனும் நண்டும் நட்சத்திர மீனும் குடியிருக்கின்றன. கடல் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஸ்டீபன் ஹில்லன்பர்க் என்பவர் 1999-இல் தொடங்கியது என்று அக்கா சொன்னாள். நானும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதில் இரண்டு கிழவர்கள் வருகிறார்கள். ஒரு காலத்தில் ஊரைக் காப்பாற்றிய சூப்பர் ஹீரோக்கள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். பெரியவர் பெயர் மெர்மெய்டு மேன். அவருக்குத் துணையாக வருகிறவர் பார்னக்கிள் பாய். முகமெல்லாம் சுருக்கம் விழுந்த பிறகும் பெயரில் ‘பையன்’ போகவில்லை. நான் பார்த்தது 2002-இல் வந்த கதை. இருவரும் சாப்பிட ஒரு கடைக்குப் போகிறார்கள். துணைக்காரர், எல்லோரும் சாப்பிடும் அந்தப் பெரிய பர்கரைக் கேட்கிறார். அது உனக்கு ரொம்பப் பெரியது என்று சொல்லி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சின்னதை வரவழைக்கிறார் பெரியவர். எனக்கு 68 வயதாகிறது என்று துணைக்காரர் கத்துகிறார். இனி என்னைப் பார்னக்கிள் மேன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அத்தனை வருடம் எதிர்த்து நின்ற மேன் ரே, டர்ட்டி பபிள் என்ற வில்லன்களோடு போய்ச் சேர்ந்துகொள்கிறார்.

பேரனுக்குக் கோபம். “தாத்தா, அவர் ஏன் எதிரிகளோடு போனார்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

உன்னோடு ஒரு விஷயம் பேச வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். என்னென்னவோ சொன்னார். ஊர் வாய் அப்படித்தான். அதை விடு. மாடியில் கிடக்கும் நான்-ஸ்டிக் சரக்கை என்ன செய்தாய்? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தாய். நம் கடைக்கு வருகிறவர்கள் பித்தளையும் எவர்சில்வரும் எடை போட்டு வாங்குகிறவர்கள் என்று அன்றே சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. ஆனால் 2020-இல் ஊரடங்கு வந்து முகூர்த்தமெல்லாம் தள்ளிப்போனபோது, குடம் குடமாகப் படம் எடுத்துப் போனில் அனுப்பி, சரக்கை நகர்த்தியது நீதான். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அது என் யோசனை என்று நான் சொன்னேன். நீ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். அந்த இரண்டு கிழவர்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் எர்னஸ்ட் போர்க்னைனும் டிம் கான்வேயும். 1962-இல் தொடங்கிய ‘மெக்ஹேல்ஸ் நேவி’ என்ற தொலைக்காட்சித் தொடரில் முன்னவர் படகுத் தலைவர், பின்னவர் அவருக்குக் கீழே இருந்த இளம் அதிகாரி. அத்தனை வருடம் கழித்துக் கார்ட்டூனிலும் அதே வரிசை. போர்க்னைன் 2012-இல் 95 வயதில் போய்விட்டார். கான்வே 2019-இல் போனார்.

பார்னக்கிள் என்றால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். கடலில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டு உயிராம். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியுமாம். பிறகு பாறையிலோ கப்பலின் அடியிலோ தலையை ஒட்டவைத்துக்கொண்டால், ஆயுசு முழுக்க அந்த இடம்தானாம். பன்னிரண்டாவது முடித்ததும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறேன் என்றாய். கடையை யார் பார்ப்பது என்று கேட்டேன். மறுநாள் காலையில் பெயர் வெட்டும் மிஷின் முன்னால் உட்கார்ந்தாய். குடத்தின் கழுத்தில் நீ வெட்டும் எழுத்து வட்டத்தோடு வளைந்து போகும், ஒரு புள்ளிகூடப் பிசகாது. வேறு கடையில் வாங்கிய பாத்திரத்தைக்கூட உன்னிடம் பெயர் வெட்டக் கொண்டு வந்தார்கள். நன்றாக இருக்கிறது என்று நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதிலிருந்து 23 வருடம். இன்றைக்கும் கடையில் நீ ‘தம்பி’. சரக்குக்காரர்கள் “பெரியவர் இல்லையா தம்பி?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்படி வைத்திருந்தேன்.

மும்பை வியாபாரிகள் வந்தபோது ஓட்டலுக்குப் போனோமே, உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது 36 வயது. நீ நெய் ரோஸ்ட் சொன்னாய். நான் சர்வரைத் திரும்பக் கூப்பிட்டு, “அவனுக்கு வேண்டாம், வயிறு ஒத்துக்கொள்ளாது, இரண்டு இட்லி கொண்டு வாருங்கள்” என்றேன். அவர்களில் ஒருவர் சிரித்தார். நீ தலையைக் குனிந்து அந்த இரண்டு இட்லியையும் சாப்பிட்டாய். சாம்பாரைக்கூடத் தொடவில்லை. உன் வயிற்றுக்காகச் சொன்னேன் என்று அம்மாவிடம் வாதாடினேன். அதற்காக மட்டும் சொல்லவில்லை. விலை பேசும்போது நீ எனக்கு முந்திக்கொண்டாய், அவர்களும் உன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கதை முடிவில் பெரியவர்தான் இறங்கி வருகிறார். துணைக்கு வந்த ஸ்பாஞ்ச்பாப் கூட்டத்தையும் அடித்துப் போட்டுவிட்டார்கள், வேறு வழியில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் கேட்கிறார். அந்தப் பெரிய பர்கர் அவருக்குக் கிடைக்கிறது. பேரன் கைதட்டினான்.

தம்பி, அந்தப் போனில் சொன்னது உண்மையா என்று நான் கேட்கப் போவதில்லை. மணிக்கூண்டுப் பக்கம் வெயில் அதிகம், குடை கொண்டு போ. எந்தக் கல்லாவில் உட்கார்ந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. உனக்குப் பிடித்ததைச் சாப்பிடு.

பங்குனியில்தான் எங்களுக்கு டிக்கெட். ஒருவேளை அதற்குள் நம் கடையைத் திறக்க நினைத்தால், மாடியறை பீரோவில் கீழ்த்தட்டில் பாட்டியின் வெற்றிலைச் செல்லம் இருக்கிறது. கல்லாவின் இன்னொரு சாவி அதற்குள் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதையே உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பூட்டு கொஞ்சம் இறுகும். இழுப்பறையை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

அப்பா