வெட்டிய ஓரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களுள், கூடையின் அடிப்பாகத்தை நேர்மேலிருந்து எடுத்த படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் முழுப் படத்தையும் அனுப்பிவிட்டு, மறுநாள் வலப்பக்கத்தை வெட்டிய இன்னொன்றை அனுப்பி, பின்னியவர் அங்கே தவறு செய்துவிட்டார், அதனால் நீக்கினேன் என்று எழுதியிருந்தாய். அது தவறன்று, மகளே. முழுப் படத்தைப் பெரிதாக்கி, நடுவிலிருந்து கதிர்போல் விரியும் குச்சிகளை எண்ணினேன்; 24 இருந்தன. ஒரே பிரம்பை ஒரு குச்சிக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகச் சுற்றிக்கொண்டே வந்தால், குச்சிகள் ஒற்றைப்படையாக இருக்கும்போதுதான் அடுத்த சுற்றில் மேலும் கீழும் தாமாகவே இடம் மாறும். இரட்டைப்படையானால், மேலே போன குச்சிக்கு மறுபடியும் மேலேயே போகும், பின்னல் பிடிக்காது. ஆகவே சுற்றுக்கு ஒருமுறை இரண்டு குச்சிகளைச் சேர்த்துத் தாண்டி, அந்தத் தாண்டலையும் சுற்றுக்கு ஒரு குச்சி தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். நடுவிலிருந்து வளைந்து வெளியேறும் அந்தத் தாண்டல்களின் கோட்டைத்தான் நீ வெட்டி எறிந்தாய். படத்திலேயே அழகான கோடு அதுதான்.

உன் வயதில் நானும் இப்படி வெட்டித் தள்ளியவன்தான். நாம் இருவர் மட்டுமல்லர். 1885 முதல் பனிப்படிகங்களை நுண்ணோக்கி வழியே படமெடுத்த வில்சன் பென்ட்லி, 5,000-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். சமச்சீரான படிகங்களையே அவர் பெரிதும் விரும்பியதால், பனித்துகள் என்றாலே குறையில்லாத ஆறு கைகள் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிட்டது. உண்மையில் பெரும்பாலானவை கோணலும் முறிவுமாகவே விழுகின்றன.

வெடித்த சேற்றுப் படத்துக்கு வருகிறேன். உச்சி வெயிலில் எடுத்திருக்கிறாய் போலும். வெடிப்புகள் மை கொண்டு இழுத்த கோடுகளாகத் தெரிகின்றனவே தவிர, அவற்றின் ஆழம் தெரியவில்லை. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும் நேரத்தில் மறுபடியும் போ. கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடித்தால் கோணங்கள் திரியாமல் பதியும். அந்தக் கோணங்கள் இங்கே முக்கியம். முதன்முறையாகக் காயும் சேற்றில், புதிய வெடிப்பு பழைய வெடிப்பைப் பெரும்பாலும் செங்கோணத்தில் சென்று முட்டும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்த சேற்றில் அந்தச் சந்திப்புகள் மெல்ல மெல்ல 120 பாகையை நோக்கி நகர்ந்து, தேன்கூட்டை நினைவூட்டும் அறுகோணங்களாகும். உன் படத்தின் இடப்பக்கத்தில் செங்கோணங்களும் வலப்பக்கத்தில் அறுகோணங்களும் இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. வலப்பக்கத்தில் அடிக்கடி நீர் ஏறி வடிகிறதா என்று பார்த்து எழுது.

துணியின் படத்தில் ஓடும் வானவில் அலைகள் துணியில் இல்லாதவை. நெசவின் இழைவரிசையும், கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் புள்ளிவரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் மோயிரே என்ற பொய்த்தோற்றம் அது. ஓர் அடி முன்னே வந்தோ பின்னே போயோ எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கூடையின் வெட்டாத படத்தை முழு அளவில் அனுப்பு. அச்சிட்டு என் மேசைக்கு எதிரே மாட்டப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா