தேன் பெட்டிகளை விற்க வேண்டாம், அப்பா

இத்தாக்கா, நியூயார்க் மாநிலம்
06.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் இங்கு சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் அண்ணனும் மைனியும் பிள்ளைகளும் அங்கு சுகம் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் மாதம் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. தொலைபேசியில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எழுதினால்தான் உண்டு என்று தெரிந்திருந்தும், பிப்ரவரிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் தேனீயைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் வேறு பேச்சு பேசி மழுப்பினேன். காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூலையில் நான் மரத்தில் கட்டிய பெட்டிக்கு ஒரு காட்டுக் கூட்டம் தானாக வந்து குடியேறியது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்தக் கூட்டம் பிப்ரவரியில் செத்துப்போயிற்று. இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை தேனீக்களுக்கு வெளியே வேலையே கிடையாது. பந்துபோல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பறக்கும் தசைகளை நடுக்கி உண்டாக்கும் சூட்டில்தான் அவை உயிர் பிழைக்கின்றன. அந்தச் சூட்டுக்கு விறகு தேன்தான். ஒரு கூட்டத்துக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். ஜூலையில் வந்த கூட்டத்துக்கு அடை கட்டிச் சேர்க்கவே நாள் போதாது. அப்படியிருந்தும் செப்டம்பரில் நான் இரண்டு தேனடைச் சட்டங்களை எடுத்துவிட்டேன். அப்போது சிறிது பணத்தேவை இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நீங்கள் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பிப்ரவரியில் மூடியைத் திறந்தபோது கைப்பிடி அளவு தேனீக்கள் வெற்று அறைகளுக்குள் தலையை நுழைத்து, வால் மட்டும் வெளியே தெரிய, அப்படியே விறைத்திருந்தன. 'கூட்டுக்கு உள்ளதைக் கூட்டுக்கு வைத்துவிட்டுத்தான் நமக்கு' என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். அதன் பிறகு உங்களுக்கு எழுத எனக்கு முகம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் என்னை மறுபடியும் பெட்டி செய்ய வைத்தார். அவரைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன். பனிக்காலத்தில் ஞாயிறுதோறும் மருத்துவர்கள் வைத்திருக்கும் காதுக்குழாயைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே இரைச்சல் எழுந்து அடங்குவதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் காலை உணவுக்குப் போவார். ஜனவரியில் அவருடைய மனைவி இறந்தபோது, முழங்கால் அளவுப் பனியில் ஒவ்வொரு பெட்டியாகச் சென்று வீட்டுச் சாவியால் தட்டி, அந்தச் செய்தியை மெல்லிய குரலில் சொன்னார். வீட்டில் ஒரு சாவு நடந்தால் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவை கூட்டை விட்டுப் போய்விடும் என்பது இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வந்த பழைய வழக்கமாம். பாட்டி போன செய்தி எனக்கு வந்த அன்று அவர் ஒன்றும் பேசாமல் அந்தச் சாவியை என் கையில் கொடுத்தார். நான் தமிழில்தான் சொன்னேன்.

மார்ச் மாதத்தில் ஐந்து பெட்டிகள் செய்தேன். வேலை செய்யும் கிடங்கில் இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓய்வு கொடுக்கிறார்கள், ஆகவே பலகை அறுக்க நேரம் இருந்தது. யாரோ கழித்துப் போட்ட ஒட்டுப்பலகைதான், வெளியே ஒரு பூச்சு சாயம், உள்ளே ஒன்றுமில்லை. இந்த ஊர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சீலி என்ற பேராசிரியர், தேனீக்கள் தாமாகவே வீடு தேடும்போது எப்படிப்பட்ட பொந்தை விரும்புகின்றன என்பதை 1970-களிலிருந்து ஆராய்ந்திருக்கிறார். ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும் பொந்து, 15 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத வாசல், அந்த வாசல் அடிப்பக்கத்தில் தெற்கு நோக்கி, தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவை தேர்ந்தெடுத்துக் காட்டினவாம். நம் ஊர்த் தேனீக்கு வைக்கும் சிறிய நியூட்டன் பெட்டியைவிட இது பல மடங்கு பெரியது. ஏணி வைத்து ஏறிக் கட்டுவது கடினம் என்பதால் நான் நான்கு மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். வாசலுக்கு ஒன்றரை அங்குலத் துளை, பறவை நுழையாதபடி குறுக்கே ஓர் ஆணி. உள்ளே ஐந்து சட்டங்கள். அவற்றில் ஒன்றில் செத்துப்போன கூட்டத்தின் கறுத்த பழைய அடை. பாட்டா கலயத்தின் உட்புறம் மெழுகைத் தேய்த்துக் குகையோரம் கவிழ்த்து வைப்பாரே, அதே யோசனைதான். பழைய வாசனை இருக்கும் இடத்தை நம் தேனீயும் நம்புகிறது, இந்த ஊர்த் தேனீயும் நம்புகிறது.

இன்னொரு வாசனையும் வைக்க வேண்டும் என்று பெரியவர் சிறு குப்பி ஒன்றைக் கொடுத்தார். தேனீக்கள் வாசலில் நின்று வாலைத் தூக்கிச் சிறகடித்துத் தம் கூட்டத்தாரை அழைக்கும்போது விடும் மணத்தில் உள்ள சிட்ரால் என்ற எலுமிச்சை வாசனைப் பொருள் அதிலும் இருக்கிறதாம். மூடியைத் திறந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. புல் தைலம், அப்பா. சனிக்கிழமை மாலையில் அம்மா வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுத் திண்ணையிலிருந்து அடுக்களை வரை துடைப்பாளே, அதே தைலம். கோயிலுக்கு வெளுத்து வைத்த சட்டை, ஈரத் தரையில் கால் வைக்காதே என்ற அம்மாவின் சத்தம், மேலவிளைத் தோட்டத்திலிருந்து ரப்பர்பால் வாளியோடு இறங்கி வரும் நீங்கள் என எல்லாம் அந்தக் குப்பிக்குள் இருந்தன. பஞ்சில் மூன்று சொட்டு விட்டால் போதும் என்றார். அன்று என் சட்டைக் கையிலும் சிறிது தடவிக்கொண்டேன். அந்தச் சட்டையை இரண்டு வாரம் வரை துவைக்கவில்லை.

மே மாத இறுதியில் இங்கே கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ தொங்கும் ஒரு முள்மரம் பூத்தது. அப்போதுதான் மூன்றாவது பெட்டியில் வேவு பார்க்கும் தேனீக்கள் வரத் தொடங்கின. முதல் நாள் மூன்று நான்கு; வாசலைச் சுற்றிப் பறந்து, உள்ளே போய், சுவரெல்லாம் நடந்து அளந்துவிட்டுப் போயின. நான்காம் நாள் முப்பதுக்குமேல் இருந்தன. ஜூன் 8-ம் தேதி, சனிக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும், ஏரிப் பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. ஒரு வீட்டின் அகலத்துக்கு வானத்தில் தேனீக்கள். பத்தாயிரம் இருக்கும் என்று பெரியவர் சொன்னார். பெட்டியின் முகப்பு முழுவதும் பழுப்புத் துணி போர்த்தியதுபோல் மூடிக்கொண்டு, வாசலருகே நூறு இருநூறு தேனீக்கள் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி விசிறின. அதன் பிறகு அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தால் எப்படி ஒழுகுமோ அப்படி ஒரே ஒழுக்காக உள்ளே போய்விட்டன. கீழே நின்ற என்மேல் பல வந்து உட்கார்ந்தன. வயிறு நிறையத் தேனோடு புறப்பட்டவை, ஒன்றுகூடக் கொட்டவில்லை. நான்கு நாள் கழித்து இருட்டியபின் வாசலில் வலை அடித்து இறக்கினேன். ஜூன் கடைசியில் ஐந்தாவது பெட்டிக்கும் ஒரு சிறிய கூட்டம் வந்தது. மற்ற மூன்றில் எறும்புதான். இம்முறை நான் ஒரு சொட்டுத் தேன்கூட எடுக்கவில்லை. இலையுதிர்காலத்து மஞ்சள் பூவின் தேன் இப்போது உள்ளே முதிர்கிறது. மாலையில் பெட்டியருகே போனால் ஈரச் சாக்குபோல ஒரு வாடை அடிக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

விலைக்கு வாங்காமல் ஏன் காட்டுக் கூட்டத்துக்குக் காத்திருக்கிறாய் என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். 1987-ல் இந்த நாட்டுக்கு வர்ரோவா என்ற உண்ணி வந்து எண்ணற்ற பெட்டிகளைக் காலி செய்தது. ஆனால் இங்கிருந்து தெற்கே உள்ள ஆர்நாட் காட்டில் மரப்பொந்துத் தேனீக்கள் மருந்து எதுவும் இல்லாமல் தாக்குப்பிடித்து வாழ்கின்றன என்று சீலி கண்டிருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு நம் வீட்டுக் கதைதான் நினைவுக்கு வந்தது. 1992-ல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்துப் பை நோய் வந்து நம் பெட்டிகளெல்லாம் வெறும் மரமாக நின்றபோது எனக்கு ஏழு வயது. எல்லோரும் பெட்டியை அடுப்புக்கு வைத்த நாளில், நீங்களும் பாட்டாவும் பேச்சிப்பாறை மலைச்சரிவில் கலயம் வைத்துத் தப்பிய கூட்டங்களைக் கொண்டுவந்து மறுபடியும் தொடங்கினீர்கள். இன்று நம் விளையில் இருப்பவை அவற்றின் வழிவந்தவை.

ஆகவேதான் உங்கள் கடிதத்தில் அருமனை மாமா பெட்டி ஒன்றுக்கு 1,500 ரூபாய் தந்து மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்ன வரியைப் படித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. முழங்கால் வலியோடு மேலவிளை ஏற உங்களால் முடியவில்லை என்பது புரிகிறது. ஏற வேண்டாம், அப்பா. பெட்டிகளை இறக்கிக் கிணற்றடிப் பலாவின் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். ஜனவரியில் ரப்பர் தளிர்த்து இலைக்காம்பில் தேன் ஊறும் மாதங்களுக்கு மட்டும் ரப்பர்பால் வெட்ட வருகிறவர் மேலே கொண்டுபோகட்டும். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு தேன் கொடுக்கலாம். இது ஒரு கூட்டை இரண்டாகப் பிரிக்கும் காலம் அல்லவா, அண்ணனின் மூத்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். அவனுக்குக் கை பொறுமை உண்டு என்று மைனி சொன்னாள். மாமாவுக்குக் கட்டாயம் கொடுத்தாக வேண்டுமென்றால் புதிதாகப் பிரிப்பவற்றில் நான்கு கொடுங்கள், தாய்க்கூடுகளைக் கொடுக்க வேண்டாம்.

மேலவிளைப் பங்கு விஷயத்தில் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. நான் வரும்வரை பத்திரம் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர இயலாது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பார்க்கலாம். இம்மாதம் 12,000 ரூபாய் மட்டும் அனுப்பியிருக்கிறேன், வங்கியில் ஒரு சிறு தாமதம். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலிக்கான வட்டியை நவம்பர் 15-க்குள் தனியாக அனுப்பிவிடுகிறேன். கெடு தேதி எது என்று ரசீதைப் பார்த்து எழுதுங்கள். ரசீது பாட்டியின் பெட்டியில், வேதாகமத்தின் கீழே இருக்கும்.

உங்கள் அன்பு மகன்