அந்தப் பாட்டை தூக்காதே பாப்பா

பாப்பாவுக்கு,

ஞாயித்துக்கிழமை நீ கோவமா போனை வெச்சதுக்கு அப்புறம் உங்கம்மா என்னை பிடிபிடின்னு பிடிச்சிட்டா, மெல்போர்ன்ல நடுராத்திரி, புள்ளை வேலை முடிச்சு ப்ராக்டிஸ் முடிச்சு வந்து உக்காந்திருக்கு, அந்த நேரத்துல உங்களுக்கு என்ன பாட்டு சண்டைன்னு. நியாயம்தான். வாட்ஸ்அப்ல அடிச்சா துண்டு துண்டா போகுது, அதான் ஈமெயில். அவசரமில்ல, சாப்பிட்டுட்டு படி.

உங்க பேண்டோட ஆல்பத்துல ஜனங்க எழுந்து ஆடினது ஒரே ஒரு பாட்டுக்கு, அதையே உங்க கிடார் பையன் "ரொம்ப கமர்ஷியலா இருக்கு"ன்னு சொல்றான், நீயும் தூக்கிடலாம்ங்கறே. நான் வேணாம்னேன். ஏன்னு சொல்றதுக்குள்ள லைன் கட்.

ஏன்னா நான் இந்த மியூசிக்குக்குள்ள வந்ததே அப்படி ஒரு பாட்டு வழியாதான்மா. ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர்கிட்ட வெதர் ரிப்போர்ட்னு ஒரு அமெரிக்க ஜாஸ் பேண்டோட ஹெவி வெதர் ஆல்பம் இருந்துச்சு, அதை ரெக்கார்டிங் சென்டர்ல குடுத்து டிடிகே தொண்ணூறு நிமிஷ கேசட்ல ஏத்திக்கிட்டேன். மொத்த ஆல்பமும் முப்பத்தெட்டு நிமிஷத்துக்குள்ள, ஒரே பக்கத்துல அடங்கிடும், மிச்ச இடத்துல கடைக்காரர் காலியா விடவேணாம்னு ராஜா பாட்டு ஒண்ணை போட்டுட்டாரு, அதுவும் சரணம் பாதியில டேப் தீந்துடும். இன்னிக்கும் ஆல்பத்தோட கடைசி பாட்டு ஹவோனா முடிஞ்சா என் காது ராஜாவைத்தான் தேடுது.

மொத பாட்டு பேர்ட்லேண்ட். எனக்கு வேண்டியது அது மட்டும்தான், மத்ததெல்லாம் அப்போ ஒண்ணும் புரியல. ஆனா திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணா பேட்டரி காலி, பேட்டரிக்கு காசு யாரு குடுப்பா, அதனால அப்படியே ஓட விட்டுடுவேன், ஓட ஓட ரெண்டாவது பாட்டு எ ரிமார்க் யூ மேட் எனக்கே தெரியாம உள்ள இறங்கிடுச்சு, அதுல வெய்ன் ஷார்ட்டர் சாக்ஸபோன்ல எவ்ளோ கம்மியா வாசிக்கிறாருன்னு கேளு, அவ்ளோ பெரிய ஆளு, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ்கிட்ட வருஷக்கணக்கா வாசிச்சவரு, நாலு ஸ்வரத்தை வெச்சுட்டு சும்மா நிக்கிறாரு, ஜாக்கோ பஸ்டோரியஸ் பாஸ் கிடார்ல பக்கத்துலயே பாடிக்கிட்டு வர்றான். அப்புறம் டீன் டவுன், அதுல டிரம்ஸும் ஜாக்கோவேதான். ஹவோனா பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. பேர்ட்லேண்ட் இல்லன்னா நான் அந்த கேசட்டை அழிச்சு அது மேல ராஜாவை ஃபுல்லா ஏத்தியிருப்பேன், சத்தியமா.

இப்போ கமர்ஷியல் மேட்டருக்கு வர்றேன். ஹெவி வெதர் 1977 மார்ச்ல வந்துச்சு, அமெரிக்காவோட பில்போர்ட் ஆல்பம் லிஸ்ட்ல முப்பதாவது இடம், அங்க மட்டும் அஞ்சு லட்சம் காப்பி, கோல்டு சர்டிஃபிகேட். பாடகர் இல்லாத ஜாஸுக்கு அதெல்லாம் ரொம்ப பெரிய நம்பர். டவுன்பீட்ங்கற ஜாஸ் பத்திரிகை அதே ஆல்பத்துக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துச்சு. ஆக வித்துச்சு, வித்வான்களும் ஒத்துக்கிட்டாங்க. ஜாஸை வித்துட்டாங்கன்னு மூஞ்சி சுளிச்சவங்களும் உண்டு, இல்லாம இருப்பாங்களா.

ஆனா யோசிச்சுப்பாரு, பேர்ட்லேண்ட் பாட்டு எங்கேர்ந்து வந்துச்சு? அதை எழுதின ஜோ ஸாவினுல், பேண்டோட கீபோர்டு ஆளு, வியன்னாவுல பொறந்து வளந்த ஆளு, 1959ல அமெரிக்கா வந்தாரு. பேர்ட்லேண்ட்ங்கறது நியூயார்க் பிராட்வேல இருந்த ஒரு கிளப், பேர்டுன்னு கூப்பிடற சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பேர்ல வெச்சது. இந்த மனுஷன் பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் சந்திச்சது அங்கதான், கட்டிக்கிட்ட பொண்ணை பாத்ததும் அங்கதான். அந்த இடத்து ஞாபகத்தைத்தான் பாட்டா பண்ணினாரு. ஒரு ஆளு தன் மனசுக்கு ரொம்ப நெருக்கமானதை போட்டிருக்காரு, அது ஹிட்டும் ஆயிடுச்சு, அவ்ளோதான். ஆட வெச்சாலே மட்டம்னு உங்க கிடார் பையனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?

அப்புறம் ஒண்ணு. பேர்ட்லேண்ட் ஆரம்பத்துல உச்சத்துல ஒரு மெலடி வருதே, ரொம்ப நாளா அது கிடார்னே நினைச்சிட்டிருந்தேன். அந்த ஆல்பத்துல கிடாரிஸ்டே கிடையாது. கீழ ஓடுற பாஸ் லைன் ஸாவினுலோட சிந்தசைசர், மேல பாடறது ஜாக்கோவோட பாஸ், ஹார்மானிக்ஸ்ல, கம்பியை லேசா தொட்டு எழுப்பற உச்ச ஸ்வரம். இதை நீதான் எனக்கு வாசிச்சு காமிச்சே, ப்ளஸ் டூ லீவுல, கட்டைவிரலை கம்பி மேல வெச்சுக்கிட்டு, ஞாபகம் இருக்கா, நான் ஏதோ வேலை இருக்கற மாதிரி எழுந்து போயிட்டேன். கண்ணு கலங்கிடுச்சு, அதான். அப்போ சொல்லல.

ஜாக்கோ பத்தி இன்னொண்ணு சொல்லணும், உண்மையில ஞாயித்துக்கிழமை அதைத்தான் கேக்க நினைச்சேன், வாய் பாட்டுப் பக்கம் போயிடுச்சு.

அந்தப் பையன் பாஸ்ல இருந்த ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கிட்டு, நம்ம வீணையில மெட்டுன்னு சொல்றோமே அதை, பள்ளத்தை அடைச்சு, படகுக்கு அடிக்கிற எபாக்ஸி பிசினை அது மேல பூசி வாசிச்சவன். மியாமில ஸாவினுல் முன்னாடி போய் நின்னு நான்தான் உலகத்துலயே பெஸ்ட் பாஸ் பிளேயர்னு சொன்னவன். சொன்ன மாதிரியே இருந்தான். அதுக்கு அப்புறம் மனசுல நோய், பைபோலார்னு டாக்டருங்க சொன்னாங்க, தூக்கம்கூட வேணாங்கற அளவுக்கு மனசு ஒரேயடியா ஏறும், அப்புறம் ஒரேயடியா இறங்கும், குடி வேற. கடைசியில நியூயார்க் பார்க்ல படுத்துக் கிடந்தான். 1987 செப்டம்பர்ல ஃப்ளோரிடாவுல ஒரு கிளப் வாசல்ல அடிபட்டு கோமாவுக்கு போய் செத்தான். முப்பத்தஞ்சு வயசு. இதை ஜீனியஸ்னா அப்படித்தான், கிறுக்கு இருந்தாத்தான் கலை வரும்னு சொல்றவங்களை பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வருது. ஹெவி வெதர் வந்தப்போ அவனுக்கு இருபத்தஞ்சு, நோய் முத்தினது பின்னாடி. நோய் அவன்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டதுதான் அதிகம்மா.

நீ போன்ல சொன்னே, மூணு நாளா சரியா தூங்கலப்பா, ஆனா டயர்டே இல்ல, ஐடியாவா கொட்டுதுன்னு. சந்தோஷமாத்தான் சொன்னே. நீ அவன் மாதிரின்னு சொல்லல, அந்த அளவுக்கு எனக்கு கிறுக்கு பிடிக்கல. ஆனா டயர்டு இல்லன்னு நீ சொன்ன விதம் எனக்கு பிடிக்கல, அன்னிக்கு ராத்திரி நானும் தூங்கல. ரிக்கார்டிங் டென்ஷனா இருக்கலாம், காபியா இருக்கலாம். எதுக்கும் ஒரு டாக்டரை பாத்துட்டு வந்துடு, ஒரு தடவை போயிட்டு வா, ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு அவரே சொல்லிடட்டும். அம்மாகிட்ட இதை சொல்லல. நீயும் சொல்லாதே, உடனே டிக்கெட் போட சொல்லுவா.

இட்லிப் பொடி பார்சல் போட்டாச்சு, மேல இருக்கற சின்ன டப்பாதான் காரம், பாத்து.

பாட்டு உங்க பாட்டு, தூக்கறதும் வெக்கறதும் நீங்க பேசிக்கோங்க, ஆனா தூக்கறதுக்கு முன்னாடி ரஃப் மிக்ஸை எனக்கு அனுப்பு. தினம் காலையில எத்தனை மணி நேரம் தூங்கினேன்னு நம்பரை மட்டும் வாட்ஸ்அப் பண்ணு, வேற எதுவும் எழுத வேணாம். பொய் நம்பர் போட்டா எனக்கு தெரிஞ்சுடும்.

அப்பா