ஒரே திகதி, ஒரே நாளல்ல!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 23ஆம் திகதிய இதழின் ‘வரலாற்றில் இன்று’ பகுதியில், 1616ஆம் ஆண்டு இதே நாளில் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டெஸும் ‘ஒருசேரக் கண்மூடினர்’ என்றும், இது காலத்தின் அதிசயம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதிசயம்தான். ஸ்பெயின் 1582இலேயே கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய யூலியன் கணக்கை விடவில்லை. 1616இல் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியர் இறந்த அன்று மட்ரிட்டில் மே 3. செர்வாண்டெஸோ ஏப்ரல் 22இல் இறந்து மறுநாள் அடக்கம் செய்யப்பட்டவர்.

தாங்கள் அறியாததல்ல. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தையும் மருத்துநீர் வைக்கும் நேரத்தையும் வாக்கியம் ஒரு பெட்டியில், திருக்கணிதம் ஒரு பெட்டியில் என்று போட்டு அரைமாதம்கூட ஆகவில்லை. இரண்டு பஞ்சாங்கக்காரரும் கோபிக்காமல் நடந்துகொள்ளத் தெரிந்த தங்களுக்கு ஐரோப்பாவிலும் இரண்டு கணக்கு இருந்தது தெரியாமலா போகும்? அங்கிருந்து யாரும் தொலைபேசி எடுத்து ஏசமாட்டார்கள் என்ற தைரியமாக இருக்கலாம்.

இதை விட்டிருப்பேன். ஆனால் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் என் பேத்தி இதை உரத்து வாசித்திருக்கிறாள். பிழையென்று நான் எடுத்துச் சொன்னபோது, “பேப்பரில் போட்டிருக்கிறதே, அம்மப்பா” என்றாள். காலமெல்லாம் சரித்திரம் படிப்பித்தவனின் சொல் எடுபடவில்லை.

கடந்த நத்தாருக்கும் இதே கூத்து. கலிலியோ மறைந்த 1642இலேயே, நத்தார் தினத்தன்று, நியூட்டன் பிறந்தார் என்று புல்லரித்தீர்கள். முன்னவருக்கு இத்தாலியின் புதிய கணக்கு, பின்னவருக்கு இங்கிலாந்தின் பழைய கணக்கு. புதிய கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவந்தது. திருத்தம் கேட்ட பந்தி காணாமற்போய், பத்திரிகையைப் பாராட்டிய முதல் வரி மட்டும் மிஞ்சியிருந்தது. ஒக்டோபர் புரட்சி ஏன் நவம்பர் 7இல் வருகிறது என்பதை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் விளக்குகிறீர்கள். இடதுசாரித் தோழர்கள் இன்னும் பேப்பர் வாங்குகிறார்கள் போலும்.

உலகத்துத் திகதிகளுக்கு இவ்வளவு உருகும் பகுதிக்கு ஊர்த் திகதிகள் கண்ணில் படுவதில்லை. ஜனவரி 10 என்றால் 1863இல் லண்டன் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. 1974இல் அதே திகதியில், யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால், தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டத்தில் மாண்டவர்களுக்கு ஒரு வரி இல்லை. ஜூன் 1 என்றால் மர்லின் மன்றோ பிறந்தார். பிறக்கட்டும். 1981இல் மே 31 இரவு கடந்து ஜூன் 1 விடிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு எங்கள் பொதுநூலகம் எரிந்து கிடந்தது. இந்த நாட்காட்டிக் கணக்கையே நான் அங்கேதான் படித்தேன். தடித்த கலைக்களஞ்சியம், வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். கொப்பியில் பென்சிலால் பார்த்தெழுதிக்கொண்டு வந்தேன். புத்தகம் போய்விட்டது, கொப்பி இருக்கிறது. ஐயமிருந்தால் தங்கள் நிருபரை அனுப்பலாம், தேநீரும் தருவேன். இதே ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம் என்று ஒரு நூலகத்தின் படமும் போட்டிருந்தீர்கள். அதுவும் வெளிநாட்டு நூலகம்.

பகுதியை நிறுத்தும்படி கேட்கவில்லை. திருத்தம் போடும்படியும் இனிக் கேட்கப்போவதில்லை. ஒரேயொரு வேண்டுகோள். அந்தப் பகுதியின் பின்பக்கத்தில் எப்போதும் மரண அறிவித்தல்களே வருகின்றன. பேத்தி பொது அறிவுக் கொப்பியில் ஒட்டுவதற்காக வெட்டும்போது யாரோ ஒருவருடைய அந்தியேட்டி அழைப்பு பாதி முகத்தோடு கத்தரிபடுகிறது. அவளுடைய அம்மம்மா அதற்காக என்னை ஏசுகிறார். பின்பக்கத்தில் நகைக்கடை விளம்பரமோ சீமெந்து விளம்பரமோ வரும்படி பக்கத்தை மாற்றித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
இளைப்பாறிய சரித்திர ஆசிரியர்,
கோண்டாவில்.