மாதிரிக் கப்பலின் கயிறு: 19 என்பது விட்டமல்ல, சுற்றளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் மர மாதிரிக் கப்பல் கட்டும் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் அரிது, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையோடு வந்த கயிற்று அட்டவணையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதை நம்பி நூல் வாங்குபவர்கள் முதல் பாய்மரத்திலேயே திகைத்து நின்றுவிடுவார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன்.

'விக்டரி' என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் 1/72 மாதிரியில், நடுப் பாய்மரத்தின் ஸ்டே 6.7 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும் என்கிறது அட்டவணை. ஸ்டே என்பது பாய்மரத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் பெருங்கயிறு. இந்த 6.7 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எளிதில் புரிந்துவிடும். விக்டரியின் கயிற்றுக் கணக்கில் அந்த ஸ்டேக்கு 19 அங்குலம் என்று இருக்கும். 19 அங்குலம் 482.6 மி.மீ., அதை 72-ஆல் வகுத்தால் 6.7. கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனால் பாய்மரக் காலத்தில் நார்க்கயிற்றை விட்டத்தால் அளக்க மாட்டார்கள், சுற்றளவால்தான் அளப்பார்கள். கயிற்றைச் சுற்றி ஒரு நாடாவைப் பிடித்தால் கிடைப்பதுதான் அந்த 19. விட்டம் வேண்டுமென்றால் அதை 3.14-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 6 அங்குலம் வரும். 1/72 மாதிரியில் அது 2.1 மி.மீ. மட்டுமே. அட்டவணையில் உள்ள எல்லாக் கயிறுகளும் இதே போல மூன்று மடங்கு தடித்துப்போயிருக்கின்றன.

குறுக்குவழி ஒன்று உண்டு. சுற்றளவு அங்குலத்தை 8-ஆல் பெருக்கி, மாதிரியின் அளவு விகிதத்தால் வகுத்தால் நூலின் விட்டம் மி.மீ.-ல் வந்துவிடும். பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் 11 அங்குலம் என்றால், 88-ஐ 72-ஆல் வகுத்து 1.2 மி.மீ. மாலுமிகள் ஏறுவதற்காக ஷ்ரவுட்டுகளின் குறுக்கே கட்டும் ரேட்லைன் ஒன்றரை அங்குலம், அது 0.17 மி.மீ. கணக்கு சரிதானா என்று கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டேயின் சுற்றளவு, அது தாங்கும் மரத்தின் விட்டத்தில் பாதி என்பது அக்காலத்து வழக்கம். அப்படியானால் ஸ்டேயின் தடிமன் மரத்தின் தடிமனில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். அட்டவணை சொல்லும் 6.7 மி.மீ. கயிறோ, 14 மி.மீ. பாய்மரத்தில் கிட்டத்தட்ட பாதி தடிமன்!

கடையில் நூலை அளக்க மைக்ரோமீட்டர் தேவையில்லை. ஒரு பென்சிலில் நூலை இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் 20 சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளின் அகலத்தை அளந்து 20-ஆல் வகுத்தால் போதும். ரேட்லைன் நூல் என்றால் 20 சுற்றும் சேர்ந்து மூன்றரை மி.மீ.-க்குள் அடங்க வேண்டும்.

நூலின் வகையைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. நம் கடற்கரை ஊர்களில் இது முக்கியம். பருத்தி நூல் மழைக்காலத்தில் ஈரம் குடித்துச் சுருங்கும், வெயில் காலத்தில் தொய்யும். இழுத்துக் கட்டிய கயிறு ஓராண்டுக்குள் அலை அலையாகத் தொங்கும். நைலான் மீள்தன்மை உள்ளது, இழுத்துக் கட்டினால் மரத்தையே வளைத்துக்கொண்டு வரும். பாலியஸ்டர் நூல்தான் நிலையாக இருக்கும். அதன் பளபளப்பும் பிசிறும் போக, தேன்மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்து விரலால் உருவிவிட வேண்டும். பருத்தியின் பிசிறைச் சுடரின் மேல் வேகமாக இழுத்துப் பொசுக்கலாம். பாலியஸ்டரில் அதைச் செய்தால் உருகி அறுந்துவிடும்.

தடித்த கயிறுகளை நாமே திரித்துக்கொள்ளலாம். மூன்று புரியையும் ஒரே திசையில் முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் விட்டால் கயிறு தானே பூட்டிக்கொள்ளும். கப்பலின் பெரும்பாலான கயிறுகள் வலமுறுக்கு. செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் புரி இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலாக ஏறும். நங்கூர வடம் இதற்கு நேர்மாறு. தையல் நூல் பெரும்பாலும் வலமுறுக்காகத்தான் வருகிறது. அதை அப்படியே மூன்றாக்கித் திரித்தால் இடமுறுக்குக் கயிறு கிடைக்கும். நங்கூர வடத்துக்கு அது பொருந்தும், ஷ்ரவுட்டுக்குப் பொருந்தாது. நிறத்தையும் மறக்கக் கூடாது. ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கருமை கலந்த பழுப்பு. பாயை ஏற்றி இறக்க இழுக்கும் கயிறுகள் தார் இல்லாத நார் நிறம். வெள்ளை நூல் எங்குமே வராது.

மரத்துக்குத் தேக்கு சிறந்தது என்று எழுதியிருந்தது இன்னொரு தவறு. கப்பலுக்குத் தேக்கு சிறந்தது என்பது உண்மை. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஆனால் கப்பலை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கலாம், மரத்தின் ரேகையையும் துளைகளையும் சுருக்க முடியாது. தேக்கின் துளைகள் மாதிரியில் விரல்நுழையும் ஓட்டைகளாகத் தெரியும். ரேகை நெருக்கமாக, துளை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மரம் வேண்டும். கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்துப் பொம்மைகள் கடையும் வெப்பாலை அதற்கு ஏற்றது. மஞ்சள் கடம்பும் நன்றாக வரும்.

உடல் கட்டுவதைக் கட்டுரை நான்கு வரியில் முடித்துவிட்டது. பலரும் கைவிடுவது அந்த இடத்தில்தான். ஒட்டுப்பலகையில் வெட்டிய ஏராவும் (கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை) வங்குகளும் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள்) பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஈரத்தில் வளைந்திருக்கலாம். ஏராவைக் கண்ணாடித் தட்டில் நிறுத்திப் பார்த்து, வளைவிருந்தால் நனைத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே பாரம் வைத்துக் காயவிட்ட பிறகே தொட வேண்டும். வங்குகளின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்த பின், உடலை மூடும் மெல்லிய பலகைப் பட்டைகளில் நீளமான ஒன்றை அணியம் எனும் முன்முனையிலிருந்து பின்புறம் வரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வங்கிலும் அது முழு விளிம்போடு படிய வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும்.

பட்டைகளை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால், பசை காயும் இழுப்பில் உடல் வாழைக்காய் போல வளைந்துவிடும், பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை. வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து வளைக்கலாம், ஆனால் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரப் பட்டை காயும்போது அகலத்தில் சுருங்கி இடைவெளி விடும். பட்டை தட்டையாக வளையும், அகலவாக்கில் வளையாது. வலிந்து வளைத்தால் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஆகவே அணியத்தை நோக்கி அகலத்தைக் குறைத்துச் சீவ வேண்டும், ஆனால் பாதிக்குக் கீழே போகக் கூடாது. பாதிக்கும் கீழ் தேவைப்பட்டால் இரண்டு பட்டைகளை அங்கே ஒன்றாக இணைத்துவிட வேண்டும். பின்புறத்தில் இடம் விரியும், அங்கே ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டும்.

பாய்மரங்களுக்கும், பாய் தொங்கும் குறுக்குத் தண்டான பருமலுக்கும் கடை உருளைக்கட்டை வேண்டாம். அதில் ரேகை குறுக்கே ஓடினால் ஈரத்தில் வளையும். நேர்ரேகைச் சதுரக்கட்டையை எடுத்து, ஒவ்வொரு முகத்தின் அகலத்தையும் 7, 10, 7 என்ற விகிதத்தில் பிரித்துக் கோடு போட்டு, மூலைகளைச் சீவினால் எண்கோணம் வரும். அதிலிருந்து வட்டம் ஆக்குவது எளிது. கப்பிகளையெல்லாம் மேசையில் வைத்தே பருமலில் கட்டிவிட வேண்டும். கப்பலில் ஏற்றிய பிறகு அங்கே விரல் நுழையாது.

கயிறு கட்டும் வரிசைக்கு வருகிறேன். ஒவ்வொரு மரத்திலும் வலப்பக்கத்து முன் ஜோடி ஷ்ரவுட் முதலில், அடுத்து இடப்பக்கத்து முன் ஜோடி, பிறகு வலம், இடம் என்று பின்னோக்கிப் போக வேண்டும். அவற்றின் வளையங்கள் மரத்தின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். அவற்றுக்கு மேலேதான் ஸ்டே வரும். ஸ்டேயை முதலில் கட்டிவிட்டு ஷ்ரவுட்டை அதன்மேல் போடுவது பார்த்தவுடன் தெரியும் பிழை. ஷ்ரவுட்டின் கீழ்நுனியில் டெட்ஐ எனும் மூன்று துளை வட்டக்கட்டை இருக்கும். இரண்டு டெட்ஐக்கு இடையே ஓடும் கயிற்றை உடனே முடிச்சிட்டு ஒட்டிவிடக் கூடாது. ஸ்டேயை இழுத்ததும் ஷ்ரவுட்டின் இழுப்பு மாறும்; எல்லாவற்றையும் சிறிது சிறிதாக இறுக்கிச் சமன்செய்த பிறகே முடிக்க வேண்டும். மேல்வரிசை டெட்ஐகள் ஒரே கோட்டில் நிற்க, ஒரு பித்தளைக் கம்பியைப் 'ப' வடிவில் மடக்கி, அதன் நுனிகளை மேல், கீழ்க் கட்டைகளின் துளையில் செருகிப் பிடித்துக்கொண்டு ஷ்ரவுட்டைக் கட்டினால் இடைவெளி ஒருபோதும் மாறாது.

ரேட்லைன் பொறுமைக்கான இடம். நிஜக் கப்பலில் 13 அங்குலத்துக்கு ஒன்று, 1/72-ல் 4.6 மி.மீ. அட்டையில் அந்த இடைவெளியில் கோடு போட்டு ஷ்ரவுட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கோடு நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், சாய்ந்த பக்கப்பலகைக்கு அல்ல. நடு ஷ்ரவுட்டுகளில் கிளோவ் ஹிட்ச் முடிச்சு. நூலை ஷ்ரவுட்டில் இருமுறை சுற்றி, இரண்டு நுனியும் ஒரே குறுக்குச் சுற்றின் அடியில் எதிரெதிராக வெளிவர வேண்டும். இறுக்கும்போது பக்கவாட்டில் இழுத்தால், வரிக்கு அரை மி.மீ. உள்ளே வந்தாலும் பத்து வரியில் ஷ்ரவுட்டுகள் உடுக்கை இடைபோல் ஒடுங்கிவிடும். அதைத் தடுக்க, ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைக் குறுக்கே வைத்து ஷ்ரவுட்டுகளை அதில் தளர்வாகக் கட்டி, ஏற ஏற நகர்த்த வேண்டும். எட்டு ஷ்ரவுட், முப்பது வரி என்றால் ஒரு பக்கத்துக்கே 240 முடிச்சு. ஒரே நாளில் முடிக்க முயன்றால் மேல்வரிகளில் அவசரம் அப்படியே தெரியும்.

முடிச்சுகளுக்குக் கட்டுரை சூப்பர் குளூவைப் பரிந்துரைத்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நூல் கண்ணாடிக்குச்சி போல் விறைத்து, சுற்றிலும் வெண்மை படர்ந்து, பிறகு தொட்டவுடன் ஒடிந்துவிடும். வெள்ளைப் பசையில் அதே அளவு நீர் கலந்து தூரிகை நுனியால் தொட்டால் போதும். தவறிப்போனால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு இளக்கி அவிழ்த்துவிடலாம். பருமலுக்குக் கீழே மாலுமிகள் கால்வைக்கும் கயிறு இவ்வளவு சிறிய அளவில் தன் எடையால் தொங்காது. அதற்கும் இதே கலவையைத் தடவி, வளைவுக்கு விரலால் அழுத்திக் காயவைக்க வேண்டும்.

விக்டரியில் 42 கி.மீ. கயிறு இருந்ததாகக் கணக்கு. 1/72-ல் அதைச் சுருக்கினாலும் 580 மீட்டர் நூல். முதல் மாதிரியாக அதை ஒரு மாதத்தில் முடிக்கலாம் என்று வாசகர்களுக்குச் சொல்வது நியாயமில்லை. ஒற்றைப் பாய்மரம் கொண்ட கட்டர் எனும் சிறு கப்பலில் தொடங்கினாலும் மேலே சொன்ன அத்தனை வேலையும் சிறிய அளவில் வந்துவிடும்.

அட்டவணையைத் திருத்தி மறுபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமில்லை என்றால், அளவுகள் சுற்றளவுக்குரியவை, விட்டத்துக்கு 3.14-ஆல் வகுக்கவும் என்ற ஒரு வரியாவது வரும் ஞாயிறுக்குள் வரட்டும். பலர் இந்த வாரம் நூல் வாங்கப் போகிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம்