தினமும் ஓட்டும் காருக்கு ரேஸ் பெல்ட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஓடும் சொந்தக் கார்கள் சிலவற்றில் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு உடம்பைப் பக்கங்களில் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டும், சிவப்பிலோ பச்சையிலோ இரண்டு தோளையும் மடியையும் சேர்த்துக் கட்டும் நான்கு முனை ரேஸ் பெல்ட்டும் மாட்டியிருப்பதை இப்போது பார்க்க முடிகிறது. கேட்டால், "ரேஸ் காரில் இருப்பதுதானே, கம்பெனி பெல்ட்டைவிட நல்லதுதானே" என்கிறார்கள். ரேஸ் காரில் அது நல்லதுதான். சாலையில் ஓடும் காரில் பெரும்பாலும் ஆபத்தைத்தான் கூட்டும். மாட்டுகிறவர்களுக்கும் மாட்டிக்கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் காரணம் தெரிந்தால் நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதுகிறது, உள்ளே இருக்கும் 70 கிலோ ஆளின் உடல் பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் சராசரி விசை கிட்டத்தட்ட ஒரு டன் எடைக்குச் சமம். அந்த ஒரு டன்னை எந்த எலும்பு வாங்குகிறது, எவ்வளவு நேரத்துக்குள் வாங்குகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வால்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட் அதை இடுப்பெலும்பு, விலா, தோள் எலும்பு என்று வலுவான இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இன்றைய பெரும்பாலான கார்களில் அதோடு இன்னும் இரண்டு வேலை நடக்கிறது. மோதிய சில மில்லி நொடிகளில் ஒரு சிறு வெடிமருந்துக் குப்பி வெடித்து பெல்ட்டின் தொய்வை இழுத்துக்கொள்ளும். பிறகு நெஞ்சின் மேல் விசை ஓர் அளவைத் தாண்டினால், பெல்ட் சுற்றியிருக்கும் சுருளுக்குள் இருக்கும் தண்டு முறுகி பெல்ட்டைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டுக்கொடுக்கும் நேரத்தில்தான் முகமும் நெஞ்சும் ஏர்பேக்கில் போய்ப் படிகின்றன. பெல்ட், சுருள், சீட், ஏர்பேக் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் கம்பெனி மோதிப் பார்க்கிறது. அதில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றின் கணக்கும் தப்பிவிடும்.

ரேஸ் பெல்ட்டில் சுருளும் கிடையாது, விட்டுக்கொடுப்பும் கிடையாது. இரண்டு தோளையும் சீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடும். உடம்பு அசையாது, தலை மட்டும் முன்னால் போகும். மொத்த இழுப்பும் கழுத்துக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் வரும். 2001-ல் டேடோனா 500 பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். பெல்ட் போட்டிருந்தார், ஹெல்மெட்டைத் தோளோடு இணைத்துத் தலையைப் பிடிக்கும் ஹான்ஸ் கருவி அவரிடம் இல்லை. ஃபார்முலா 1-ல் 2003 முதல் அந்தக் கருவி கட்டாயம். ஹெல்மெட்டும் ஹான்ஸும் மாட்டிக்கொண்டு காவேரிப்பட்டணம் சந்தைக்கு யாரும் போகப்போவதில்லை. மூன்று முனை பெல்ட்டில் ஒரு தோள் மட்டும் பிடிபட்டிருப்பதால் உடல் லேசாகத் திரும்பி முன்னால் சாயும். கழுத்துக்கு வரும் இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

வண்டி உருண்டாலும் இதே கதைதான். கூரை அமுங்கும்போது பக்கவாட்டில் சாய உடம்புக்கு இடம் வேண்டும். நிமிர்த்திக் கட்டப்பட்டவருக்கு அந்த இடம் இல்லை. ரேஸ் காரில் கூரை அமுங்காமல் இருக்க ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கிறது. சரி, கேஜும் போட்டுவிடலாமே என்றால், ஹெல்மெட் இல்லாத தலை அந்த இரும்புக் குழாயில்தான் போய் அடிபடும்.

நான்கு முனை பெல்ட்டுக்கென்று தனியாக ஒரு கோளாறு உண்டு. மோதும்போது தோள் பட்டைகள் இரண்டும் நடுவில் இருக்கும் பக்கிளை மேலே இழுக்கும். மடியின் குறுக்கே வரும் மடிப்பட்டை இடுப்பெலும்பை விட்டு நழுவி வயிற்றில் ஏறும், உடல் அதன் அடியில் வழுக்கும். குடலும் கல்லீரலும் நசுங்குவது இப்படித்தான். இதைத் தடுக்கத்தான் ஐந்து, ஆறு முனை பெல்ட்டில் தொடைகளுக்கு நடுவே பட்டை வருகிறது. அதற்கு சீட்டின் அடியில் துளை வேண்டும். கம்பெனி சீட்டில் அந்தத் துளை இருக்காது. ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம் ஒரு தோள் பட்டையில் மட்டும் மடித்துத் தைத்த பகுதி வைத்து, மோதும்போது அது பிரிந்து உடலைத் திரும்பவிடும் நான்கு முனை பெல்ட்டை ஐரோப்பியச் சாலை அங்கீகாரத்தோடு விற்கிறது. அதுவும் குறிப்பிட்ட கார்களுக்கும் சீட்டுகளுக்கும் மட்டுமே. கடையில் தொங்கும் சாதா நான்கு முனை பெல்ட்டில் அந்தத் தையல் கிடையாது.

தோள் பட்டையின் பின் முனையை எங்கே மாட்டுவது? பெரும்பாலும் பின் சீட் பெல்ட்டின் தரைப் போல்ட்டில் மாட்டிவிடுகிறார்கள். பட்டை தோளிலிருந்து சரிவாக இறங்குவதால் முதுகெலும்பை மேலிருந்து கீழாக அமுக்கும். பந்தய விதிகள் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது, 10 பாகைக்குள் இருந்தால் நல்லது என்கின்றன. பட்டை நீளம் கூடக்கூட அது இழுபடும் அளவும் கூடும். சரி, கதவுத் தூண்களுக்கு இடையே குறுக்குக் குழாய் போடுகிறேன் என்றால், அது பின் சீட்டில் இருப்பவரின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

தினசரி ஓட்டும்போது இன்னொன்று நடக்கும். கிருஷ்ணகிரியில் சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும்போது உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டிய பெல்ட்டில் முடியாது. ஆகவே இரண்டே நாளில் தோள் பட்டையைத் தளர்த்திவிடுவார்கள். தளர்ந்த ரேஸ் பெல்ட்டில் தொய்வை இழுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஆள் அந்தத் தொய்வு முழுக்கப் பறந்து போய் மொத்தமாக முட்டி நிற்பார். விபத்துக்குப் பிறகு முதலில் ஓடிவருபவர்கள் லாரி டிரைவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான். சிவப்புப் பட்டனை அழுத்தினால் பெல்ட் கழலும் என்பது அவர்களுக்குத் தெரியும். திருகிக் கழற்றும் வட்டப் பக்கிளை இருட்டில், புகையில், தலைகீழாகக் கிடக்கும் வண்டியில் அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இனி சீட். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் போன லாரி முன்னால் போகும் கார்களில் இடிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பின்னாலிருந்து இடி வாங்கும்போது கழுத்தைக் காப்பாற்றுவது ஹெட்ரெஸ்ட். தலைக்கும் அதற்கும் இடைவெளி குறையக் குறைய நல்லது. பந்தய சீட்டின் தலைப்பகுதி ஹெல்மெட்டுக்கு இடம் விட்டு வடிவமைத்தது. வெறுந்தலையோடு உட்கார்ந்தால் அந்த இடைவெளி அப்படியே காலியாகக் கிடக்கும். தலையின் இருபுறமும் காது மடல் போல நீளும் சீட் என்றால் பக்கத்துப் பார்வையும் மறையும். இதைவிட முக்கியமானது பக்கிள். பல கார்களில் பெல்ட்டின் பக்கிள் கம்பெனி சீட்டின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். சீட்டைக் கழற்றினால் பக்கிளும் போய்விடும். பிறகு அதை ஏதாவது ஒரு பட்டியில் துளையிட்டு மாட்டுவார்கள். பெல்ட் மாட்டும் இடங்களுக்கான சர்வதேச விதி 14-ன்படி காரில் தோள் பகுதியிலும் மடிப் பகுதியிலும் தலா ஏறத்தாழ 1,350 கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள்; பக்கிள் சீட்டில் இருந்தால் சீட் எடையைப் போல் 20 மடங்கு விசையும் சேரும். லேத்தில் வெட்டிய எல் ஆங்கிளும் ஓரத்தில் பொட்டு வைத்த வெல்டிங்கும் இதைத் தாங்குமா என்று பட்டறைக்காரரே சொல்லட்டும்.

போல்ட் விஷயத்தில் நடக்கும் தப்பைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கார்களில் பெல்ட் மாட்டும் துளை பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. விட்டம் 11.1 மில்லிமீட்டர். கைக்குக் கிடைத்த எம் 10 போல்ட்டை அதில் விட்டால் உள்ளே போய்விடும், இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வரும். போல்ட்டின் தலையில் இருக்கும் வலிமைத் தர எண்ணைப் பாருங்கள். 4.6, 4.8 என்றிருந்தால் 8.8 போல்ட்டின் இழுவலிமையில் பாதிதான் இருக்கும். 8.8-க்குக் கீழே எதையும் சீட்டுக்கோ பெல்ட்டுக்கோ போடக் கூடாது. தரையில் புதுத் துளை போட்டால் இன்னும் மோசம்: தரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறும் வாஷர் வைத்த போல்ட் அந்தத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். பந்தய விதிப்படி அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள எஃகுத் தகடு வேண்டும், அதாவது 6.5 சென்டிமீட்டர் சதுரத் துண்டு. மூலைகளை உருட்டிவிட வேண்டும், கூர்மூலையிலிருந்துதான் தரை கிழிய ஆரம்பிக்கும்.

ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே தைத்து வருகிறது. அந்தச் சீட்டைக் கழற்றினால் ஏர்பேக்கும் பரணுக்குப் போகிறது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. விளக்கை அணைக்க சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரில் இரண்டு மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிடுகிறார்கள். ஏர்பேக் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும். பெல்ட் அலாரத்தை அடக்க பக்கிளில் ஒரு வெற்றுக் கிளிப்பும் குத்துகிறார்கள். இந்தக் கிளிப்பைத்தான் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

உண்மையிலேயே முதுகுவலிக்காகவோ பிடிப்புக்காகவோ வேறு சீட் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சாய்க்கக்கூடிய, ஹெட்ரெஸ்ட் உள்ள, சாலைப் பயன்பாட்டுக்கான அங்கீகார முத்திரை, அதாவது வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும், உள்ள சீட்டை எடுங்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே அந்தக் கம்பெனி செய்த அடிச்சட்டத்தில் மாட்டுங்கள். கம்பெனி பெல்ட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பெல்ட் போட்டுப் பாருங்கள்: சீட்டின் பக்கத் திண்டின் மேல் மடிப்பட்டை ஏறி நின்றால் இடுப்பைத் தொடாது, அந்தச் சீட் ஆகாது. பட்டை தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் படிய வேண்டும். ஸ்டீயரிங் நடுவிலிருந்து நெஞ்செலும்புக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சீட்டில் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

கோவை கரி, இருங்காட்டுக்கோட்டை போன்ற கார் பந்தயத் திடல்களுக்கு வண்டியைக் கொண்டு போய் ஓட்டுகிறவர்கள் ரேஸ் பெல்ட் போடட்டும். கூடவே ஹெல்மெட், ஹான்ஸ், சரியான சீட், கேஜ் எல்லாம் இருக்கட்டும். முதலில் மடிப்பட்டை, பிறகு தொடைப் பட்டை, கடைசியில்தான் தோள் பட்டை இறுக்க வேண்டும். சரிசெய்யும் கொக்கியில் பட்டையைத் திரும்ப ஒருமுறை உள்ளே விட்டு, 10 சென்டிமீட்டர் வால் மிச்சம் விட வேண்டும். இதை விட்டுவிட்டால் சுமை வரும்போது பட்டை வழுக்கிக்கொண்டு போகும். சர்வதேசக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8853 முத்திரையில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆண்டு தாண்டியதும், ஒருமுறை மோதியதும், வெயிலில் வெளுத்ததும் குப்பைக்குத்தான். முத்திரையே இல்லாமல் சில ஆயிரத்துக்குக் கிடைப்பதை அலங்காரத் தோரணம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். திடலிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வரும்போது கம்பெனி பெல்ட்டைப் போட அந்த வண்டியில் வழி இருக்க வேண்டும்; இல்லையென்றால் வண்டியை ஏற்றித்தான் வர வேண்டும்.

சட்டமும் இதை ஒப்புக்கொள்வதில்லை. வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சொந்தக் காருக்கு 15 ஆண்டுவரை எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை கிடையாது என்பதால் சீட்டுக்கடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சீட் பெல்ட் போடாதவர்களுக்கு அபராதம் போட வண்டியை நிறுத்தும் போக்குவரத்து போலீசாரும் மோட்டார் வாகன ஆய்வாளர்களும், பக்கிளில் வெற்றுக் கிளிப் குத்தியிருக்கிறதா, கம்பெனி பெல்ட் இருக்கிறதா என்று அப்போதே ஒரு பார்வை பார்க்கலாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை மாற்றமும் செய்த வண்டியை விற்கும்போது கம்பெனி சீட்டைத் திரும்ப மாட்டிக்கொடுப்பார்கள். ஒயரை மட்டும் சரிசெய்யாமல் விட்டிருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றாலும், எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் சீட்டுக்கடியில் டார்ச் அடித்து மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். அதில் டேப் சுற்றியிருந்தாலோ ரெசிஸ்டர் தொங்கினாலோ, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் மெக்கானிக் அதில் கை வைக்க வேண்டும். ஏர்பேக் இணைப்பை மல்டிமீட்டர் வைத்து அளக்கக் கூடாது, அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
கிருஷ்ணகிரி.