வீடியோ கேம் என்றால் துப்பாக்கி மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

பிள்ளைகளின் வீடியோ கேம் பழக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். திரை முன்னால் மணிக்கணக்கில் உட்காருவது பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் செய்தி முழுக்கப் பேசியது சுடும் விளையாட்டுகளைத்தான், படத்திலும் துப்பாக்கிதான். அதிகம் விளம்பரமாகும் ஒரு வகையை வைத்தே, விளையாடாதவர்கள் மொத்தப் பொழுதுபோக்கையும் எடைபோட்டுவிடுகிறார்கள். 1984-இல் உருவான டெட்ரிஸில் விழுகிற கட்டைகளை அடுக்குவதுதான் வேலை. அதுவும் வீடியோ கேம்தானே?

என் மகள் ஆடுவது நகரம் கட்டும் விளையாட்டு. ஒருநாள் இரவு, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் கழிவுநீரை விட்டுவிட்டாள். ஊரே நோயில் படுத்துவிட்டது என்று பதறிப்போய், குழாயைப் பிடுங்கிக் கீழே மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் உறவினர்கள் கேட்பதோ, "இன்னைக்கு எத்தனை பேரைச் சுட்டே?" என்றுதான். அவள் முகம் வாடிப்போகும். இனி இத்தகைய செய்திகளில் எந்த வகை விளையாட்டு என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அப்புறம், தாங்கள் ஆடும் விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகளே எழுத வாரம் ஒரு பத்தி ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்